கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம்

லண்டனில் எங்கள் ஆட்களுக்குப் பொலிஸோடு ஏதாவது அலுவல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். எனக்கு நல்ல வாய். வாயுள்ளவனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று எங்கள் சனம் நம்பியது. நானும் அப்படித்தான் நம்பித் தொலைத்தேன்.

என் மனைவியின் தங்கை கிங்ஸ்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தவள். கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, இடுப்பு விட்டுப்போன பிறகும் இரவில் இருந்து படித்து, நாற்பது வயதில் நேர்ஸிங் படிக்க யூனிவர்சிட்டியில் இடம் எடுத்தாள். கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியபோது என் மனைவி அழுதுவிட்டாள். "இனி உன்னட்டத்தான் ஊசி போட வரவேணும் போல" என்று நான் பகிடி விட்டேன். செப்டெம்பரில் வகுப்பு தொடங்க இருந்தது.

ஜூலையில் அவளுக்கும் மேல்மாடிக்காரிக்கும் குப்பைப் பையால் சண்டை வந்தது. படியில் வைத்து மேல்மாடிக்காரி இவளுடைய கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இவள் கையை உதற, மற்றவள் இரண்டு படி சறுக்கி முழங்கை சிராய்ந்துவிட்டது. அவள் பொலிஸுக்குப் போய், தன்னைத் தள்ளி விழுத்தியதாகச் சொல்லிவிட்டாள். பொலிஸ் இவளுக்குப் போன் எடுத்தது. கைது இல்லை, ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததைச் சொன்னால் போதும், விரும்பினால் இலவசமாக சொலிசிட்டர் வைத்துத் தருவோம் என்றார்கள்.

"அத்தான், சொலிசிட்டரைக் கேப்பமோ?" என்றாள்.

"உனக்கென்ன விசரே? லோயரோட போனா, செய்துபோட்டுத்தான் வந்திருக்கிறாள் எண்டு நினைப்பாங்கள்."

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஊரில் இராணுவ முகாமில் படித்தேன். எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்து வைத்தவன் வீட்டுக்குப் போனான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவன் உள்ளேயே இருந்தான், சிலர் இன்றுவரை வரவில்லை. நான் வைத்தேன், வந்தேன். முப்பது வருடம் இந்த நாட்டில் வரி கட்டியும் எனக்குத் தெரிந்த சட்டம் அந்த ஒன்றுதான்.

அவளை நான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன அன்று பின்னேரம் நாலு மணிக்கு என் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஸ்டேஷன் கொரிடோரில் நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் ஒரு இளம் பொலிஸ்காரனோடு வெளியே வந்தாள். பொடியன் மரியாதையாகத்தான் பேசினான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கோர்ட் இல்லாமல் இன்றைக்கே கோஷன் என்ற எழுத்து எச்சரிக்கையோடு முடிக்கலாம், ஆனால் அது பதிவில் இருக்கும், சில வேலைகளுக்குச் செக் பண்ணும்போது தெரியவரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றான். எங்கள் இருவரையும் கொரிடோரில் விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"நான் தள்ளேல்லை அத்தான்," என்றாள். "செய்யாததை எப்பிடி ஒப்புக்கொள்ளுறது? வேலைக்கும் தெரியவருமாம்."

"கோர்ட்டுக்குப் போகாத விசயம் ஆருக்குத் தெரியப்போகுது? அவங்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். கையெழுத்தை வைச்சிட்டு வா. மாப்பிள்ளை பகுதி வாற நேரத்தில எங்கட குடும்பத்துக்குக் கேஸ் வழக்கு எண்டு கிடந்தா நல்லாவே இருக்கும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் புருஷன், முன்னாலே பின்னாலே பொலிஸ் கண்டவன், சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். உள்ளே போய்க் கையெழுத்து வைத்தாள். நாலு மணிக்கு எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் தாய்க்கு ரோல்ஸ் பரிமாறியதும் அவள்தான்.

ஓகஸ்டில் யூனிவர்சிட்டி அவளுடைய பதிவைச் செக் பண்ணியது. இன்னொருவரைத் தாக்கியதாகத் தானே ஒப்புக்கொண்ட ஒருத்தியை நோயாளிகளுக்குப் பக்கத்தில் விட ஏலாது என்று இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதியோர் இல்லமும் விசாரித்துவிட்டு அவளைத் துணி தோய்க்கும் அறைக்கு மாற்றியது.

அதற்குப் பிறகுதான் அவள் சொலிசிட்டர் தேடினாள். ஸ்ட்ரெதமில் இருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பெண். எங்கள் குசினி மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, நான், மனைவி, அவள் மூவரும் சுற்றி இருந்தோம்.

"கையைப் பிடிச்சு இழுத்தவங்ககிட்டேர்ந்து உதறிக்கிட்டா அது குத்தமே இல்லைங்க," என்றாள் அந்தப் பெண். "ஒத்துக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா கோஷனே கொடுத்திருக்க முடியாது. ரெண்டு பேர் பேச்சு மட்டும்தான், அநேகமா கேஸே நின்னிருக்காது. யார் இவங்களை ஒத்துக்கச் சொன்னது?"

"அத்தான்தான் என்னோட ஸ்டேஷனுக்கு வந்தவர்," என்று மட்டும் சொன்னாள் மனைவியின் தங்கை.

"சரி விடுங்க. சார், இதை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். கஷ்டம்தான், ஆனா ஒரு வழி இருக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, நான் தள்ளலைன்னு உங்ககிட்ட சொன்னாங்களா? ஆமான்னா நீங்க ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதித் தரணும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம். பொய்யை ஒப்புக்கொள்ளச் சொன்னது நான் என்று என் கையாலேயே எழுதி, என் பெயரைப் போட்டுப் பொலிஸுக்கு அனுப்ப வேண்டும். மகளின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. கொரிடோரில் நான் செய்ததற்கு அறியாமை என்று பெயர் வைக்கலாம். அடுத்துக் குசினி மேசையில் செய்ததற்கு என்ன பெயர் வைக்க? அந்தப் பெண் எனக்குச் சட்டத்தைப் பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

"இல்லை," என்றேன். "அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. தான் தள்ளினது எண்டுதான் என்னட்டயும் சொன்னவ."

"ஓ," என்றாள் சொலிசிட்டர். "அப்போ கஷ்டம் சார்."

போன் நின்றது. மனைவியின் தங்கை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கத்தினால் எனக்கு எல்லாம் லேசாகிவிடும். அவள் கைப்பையை எடுத்தாள். "அக்கா, போட்டுவாறன்," என்றாள் மனைவியிடம் மட்டும்.

ஆனாலும் மகளின் கலியாணத்துக்கு வந்தாள். அக்காவுக்காக வந்திருப்பாள். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் தாய் அவளைக் காட்டி, "இவ என்ன செய்யிறா?" என்று என்னைக் கேட்டார்.

"நேர்ஸிங் படிக்கிறா," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தாள். "இல்லை மாமி," என்றாள். "நான் ஆக்களுக்கு அடிக்கிறவள். அத்தானே சாட்சி."

மாப்பிள்ளையின் தாய் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.