கண்ணாடி அண்ணன்

ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, உரிப்பதற்கு முன்னால் ஜீப்பின் நான்கு கதவுக் கண்ணாடிகளையும் மேலே ஏற்றிவிடுவார். பிறகு ஒருமுறை திரும்பி, பின்னால் சாலையில் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொள்வார். அப்புறம்தான் நகம் பழத்தில் இறங்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஆரஞ்சும் டீசலும் ஒன்றாக நாறும். பின்சீட்டில் இருக்கும் புகைப்படக்காரர் இருமினால், "கொஞ்சம் பொறுத்துக்க தம்பி, இன்னும் ரெண்டே சுளை. முழுங்கினதும் இறக்கிடுறேன்" என்பார்.

சைக்கிள் பந்தயக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடி அண்ணன். மூக்கில் கண்ணாடி போடுகிறவர் அல்ல அவர். மலைப்பாதையில் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஜீப் மெதுவாகத் தாண்டிப் போகும். ஏற்றிய கண்ணாடிக்குள் ஒருவர் எதையோ மென்றபடி, கல்யாண வீட்டில் கடன்காரனைப் பார்த்துவிட்டவர் மாதிரி நேர்ப்பார்வையாகப் போவார். அவரை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

மலைகளைக் குறுக்கே கடக்கிற நெடுந்தூரப் பந்தயம் அது. தார் குறைவு, ஜல்லியும் புழுதியும் ஓடைக்கல்லும்தான் பாதை. ஓட்டுகிறவர் தன் சாப்பாடு, தன் தூக்கம், தன் பஞ்சர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கலாம், தெருக்குழாயில் பிடிக்கலாம். அவை எல்லோருக்கும் பொது. ஒருவருக்கென்று ஒரு கை நீட்டுவதை மட்டும் வாங்கக் கூடாது. வாங்கினால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கட்டியிருக்கும். அது அந்த ஆள் இருக்குமிடத்தைச் செல்போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். புள்ளிகளைத் தேடிப் போய்ப் படமெடுப்பது புகைப்படக்காரரின் வேலை. அவரைப் புள்ளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கண்ணாடி அண்ணனின் வேலை.

வருடத்தின் மற்ற நாட்களில் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்த வேனின் முன்பெட்டிக்குள் கைவிட்டால் ஊக்கு, ஊசிநூல், அழிரப்பர், தலைவலி மாத்திரை, வாந்திப் பை, யாருடையதென்று தெரியாத ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் கிடைக்கும். எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும், எது காலையில் சாப்பிடாமல் ஏறியிருக்கிறது என்பது அவருக்கு முகத்திலேயே தெரிந்துவிடும். அது வாயைத் திறப்பதற்குள் அவர் கை பின்னால் நீண்டிருக்கும். வீட்டிலும் அப்படித்தான். மீட்டர் பார்க்க வந்தவருக்கு டீ. மழையில் மாட்டிய தபால்காரருக்குக் குடை. போன குடை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. "உங்க கை இருக்கே, அது உங்க பேச்சையே கேக்காது" என்பார் அவர் மனைவி.

போன வருடம் அந்தக் கைதான் ஒருவரை மாட்டிவிட்டது. விதியை எல்லா டிரைவர்களுக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள், இவரும் தலையாட்டினார். சாப்பாடு கூடாது, டயர் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. கல்குவாரியைத் தாண்டி ஒரு மொட்டை ஏற்றம் உண்டு. நிழலென்று சொன்னால் அவரவர் நிழல்தான். அதில் ஓர் அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். குவாரிக் குழாயில் அன்றைக்குக் காற்றுதான் வந்திருந்தது. புகைப்படக்காரர் நல்ல தூக்கத்தில் இருந்தார். அந்தம்மாவின் உதடு வெடித்திருந்ததை இவர் பார்த்தார். பாட்டில் தானாக வெளியே நீண்டது. அந்தம்மாவும் யோசிக்காமல் வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விழித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

வேறு யாரும் பார்க்கவில்லை. முடிவுக்கோட்டைத் தொட்டதும் மருந்துக்கடை அம்மா தானே நடுவரிடம் போய்ச் சொன்னார். பெயரை அடித்துவிட்டார்கள். கண்ணாடி அண்ணன் நடுவரிடம் ஓடிப்போய்க் கேட்டது ஒரே வார்த்தை: "தண்ணிகூடவா?" தண்ணீரும்தான் என்றார் நடுவர். அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "விடுங்கண்ணே. நீட்டினது உங்க கைன்னா, வாங்கினது என் கை" என்று சிரித்துவிட்டுச் சைக்கிளைக் கழற்றி மூட்டை கட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவர் அன்றைக்குத் தூங்கியிருப்பார்.

இந்த வருடம் வர மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை அம்மா மறுபடி பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார். அந்தம்மா இந்தத் தடவை முடிப்பதைப் பார்த்தே ஆகவேண்டும். அதுவும் தன் கை குறுக்கே வராமல் பார்த்தாக வேண்டும். ஜீப்பின் முன்பெட்டியை டேப் போட்டு ஒட்டினார். தண்ணீர்க் கேனை ஸ்டெப்னிக்கு அடியில் தள்ளிக் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டார். "அவுக்கிறதுக்குள்ள புத்தி வந்துடும் தம்பி." மனைவி தினமும் போன் செய்தார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிற குரலில், இன்றைக்கு யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்பார். இல்லை என்று இவர் சொன்னால் போதாது; போன் புகைப்படக்காரரின் கைக்குப் போகும். அவர் சாட்சி சொன்ன பிறகுதான் வீட்டு விஷயம் ஆரம்பமாகும்.

கண்ணாடி ஏற்றும் பழக்கம் வந்ததும் இந்த வருடம்தான். முதல் நாள் வண்டிக்குள் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தபோது தாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "அண்ணே, கடலை வாசனைய மோந்துட்டேனே, என் பேரையும் அடிச்சுடுவாங்களா?" என்று கேட்டார். கேலி என்று புகைப்படக்காரருக்குப் புரிந்தது. இவர் நடுவருக்கே போன் போட்டுவிட்டார். வாசனைக்கு விதி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கடைசி நாள் மதியம், அதே மொட்டை ஏற்றத்தில் மருந்துக்கடை அம்மாவின் புள்ளி நின்றது. இருட்டுவதற்குள் கோட்டைத் தொட்டால்தான் முடித்ததாகக் கணக்கு. "நகரலண்ணே" என்று புகைப்படக்காரர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

அந்தம்மா பாதையோரம் உட்கார்ந்திருந்தார்; மடியில் அறுந்த சங்கிலி. அறுந்த இரண்டு முனைகளையும் கோக்கிற செயின் லாக் ஒன்று கைவசம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு. புகைப்படக்காரர் இறங்கிக் காமிராவைத் தூக்கினார். கண்ணாடி அண்ணன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு பானெட் அருகில் நின்றார். கிரீஸ் விரலிலிருந்து லாக் வழுக்கியது. ஒரு கல்லில் பட்டுத் துள்ளி ஜல்லிக்குள் மறைந்தது. அந்தம்மா இடப்பக்கம் திரும்பினார். அது போனது வலப்பக்கம். ஒரு வெள்ளைக் கல்லின் அடியில் அது ஒளிந்ததை இவர் கண்ணாரப் பார்த்தார்.

அந்தம்மா முட்டி போட்டு ஜல்லியைத் துழாவத் தொடங்கினார். அந்த மலையில் எல்லாமே இரும்பு நிறம்.

"தம்பி" என்றார் கண்ணாடி அண்ணன், உதடு அசையாமல். "வாயால சொல்றதும் கணக்குல வருமா?"

"வரும்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"தண்ணியே வந்துச்சில்ல."

பைக்குள் இருந்த கைகளை அவர் கட்டுப்படுத்திவிட்டார். கண் இருக்கிறது என்பதை மறந்துபோனார். வியர்வையைத் துடைக்க நிமிர்ந்த அந்தம்மாவுக்கு, வெள்ளைக் கல்லின் மேல் ஆணியடித்த மாதிரி நின்ற அந்தப் பார்வை தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தம்மாவின் தலை மெல்ல வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. பாதியில் தானாகவே நின்றது. இவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அண்ணே" என்றார் அந்தம்மா. "வண்டிக்குள்ள போய் உக்காருங்க. உங்க மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும்."

போய் உட்கார்ந்தார். நாலு கண்ணாடியையும் ஏற்றினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அடுப்புக்குள் இருக்கிற மாதிரி இருந்தது, இறக்கவில்லை. மூடிய கண்ணுக்குள் வெள்ளைக் கல் மட்டும் பளிச்சென்று இருந்தது. புகைப்படக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, அந்தம்மா தேடத்தான் செய்கிறார், ஆனால் நீங்கள் பார்த்த பக்கத்தைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தின் மூலையிலிருந்து சாண்சாணாக வருகிறார் என்று சொன்னார். கண்ணாடி அண்ணன் நிமிரவில்லை. "கிறுக்கு" என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்பது கண்ணாடி வழியே சரியாகக் கேட்கவில்லை.

வெயில் பானெட்டை விட்டு இறங்கிய பிறகு, சங்கிலி பற்களில் உட்கார்ந்து சுற்றும் கிரிகிரிச் சத்தம் கேட்டது. சைக்கிள் ஜீப்பைத் தாண்டியது. போகிற போக்கில் அந்தம்மா கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் சட்டை, மழையில் நனைந்தவர் சட்டை மாதிரி முதுகோடு ஒட்டியிருந்தது.

முடிவுக்கோடு, மலையடிவார ஊரின் விளையாட்டுத் திடலில் சுண்ணாம்பால் போட்டது. முன்னமே வந்துவிட்டவர்கள் தரையில் காலை நீட்டிக் கிடந்தார்கள். கண்ணாடி அண்ணன் கயிற்றின் மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்தார். இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகியிருந்ததால் கடைசி முடிச்சைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. பாட்டிலை நிரப்பி மூடியை இறுக்கினார். கோட்டுக்கு உள்ளே போய் நின்றுகொண்டார். நடுவர் வானத்தைப் பார்ப்பதும் வழியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மலை விளிம்பில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தபோது மருந்துக்கடை அம்மா வந்தார். முன்சக்கரம் சுண்ணாம்பைத் தாண்டியது. அதற்கு மேல் மிதிக்க முடியாமல் ஒரு காலை ஊன்றி, கைப்பிடியின் மேல் கவிழ்ந்துவிட்டார். கைதட்டினார்கள். நடுவர் முடிந்தது என்று கையைத் தூக்கினார். "குடுங்கண்ணே, அதான் முடிச்சாச்சே" என்றார் தாடிக்காரர்.

கண்ணாடி அண்ணன் பாட்டிலோடு கிட்டே போனார். கொடுக்கவில்லை. சைக்கிளின் பின்பக்கம் போய்க் குனிந்தார். பின்சக்கரம் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது.

"இதுவும் தாண்டட்டும்மா."

அந்தம்மா கவிழ்ந்தபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். தோள் குலுங்கியது, சிரிப்பாக இருக்கலாம். ஊன்றிய காலால் ஒரு உந்து உந்தினார். பின்சக்கரம் சுண்ணாம்பில் ஏறி இறங்கி, வெள்ளைத் தடம் பதித்து நின்றது. கண்ணாடி அண்ணன் மண்டியிட்டு, கோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை முழுசாகப் புகுந்தது. அப்புறம்தான் மூடியைத் திருகினார்.