பின்னறையைக் காட்டாத ராமாமிர்தம்

ராமாமிர்தம் யாரையும் இலேசில் நம்புகிறவள் இல்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது மற்றப் பெண்கள் தராசைப் பார்ப்பார்கள். அவள் நிறுக்கிறவரின் முகத்தைப் பார்ப்பாள். கோயில் திருவிழாவுக்கு வசூலிக்க வருகிறவர்களைக்கூட வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். தோட்டத்தில் அவளுக்கு இதனால் நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு.

கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழகப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாணவர் விவகாரப் பிரிவின் ஏற்பாடாம். பிள்ளைகளுக்குத் தலைமைத்துவம் பழக வேண்டும், மக்களோடு சேர்ந்து ஏதாவது நல்லது செய்ய வேண்டும். மழைக்கு மலை சரிந்தால் யார் எந்தக் கதவைத் தட்டுவது, எந்தப் பாதையால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது என்று பழக்கிக் கொடுக்க வந்திருந்தார்கள். குழுவின் தலைவி முஷ்ரிபா, பதுளை பஜாரில் கடை வைத்திருக்கிறவரின் மகள். சிரித்த முகம்.

"பயப்படாதீங்கம்மா, துரைக்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்த" என்றாள் அவள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும்தான் ராமாமிர்தம் வாசலை மறித்து நின்றாள்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. தோட்ட நிர்வாகியான துரையைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் குற்றம். ராமாமிர்தத்தின் மகன் சுஜன் கல்யாணம் முடித்தபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு காம்பரா, அந்த ஓர் அறைதான் முழு வீடும். மாமியாரும் புதுப் பெண்ணும் எத்தனை நாளைக்குத்தான் ஒரு சேலையை நடுவில் தொங்கவிட்டுப் படுப்பார்கள்? பின்பக்கம் பலகையடித்து, தகரம் போட்டு ஓர் அறையை இறக்கிவிட்டுத்தான் அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனான். அதில் இப்போது மருமகள் யசோதினியும் கைக்குழந்தையும் படுக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் மேல் லயம் முழுவதற்கும் இது தெரியும். ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

முன்பு ஒரு முறை கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று யாரோ டேப்போடு வந்து லயத்தை அளந்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். கக்கூஸ் வரவில்லை. கொஞ்ச நாளில் தோட்டக் காவல் பார்க்கும் வாச்சர்மார் வந்து, பக்கத்து வீட்டு வைரவநாதன் சமைப்பதற்கு ஒட்டிக் கட்டியிருந்த குசினியை இடித்துப் போட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததோ என்னவோ, ராமாமிர்தம் அன்றைக்கே முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பிள்ளைகள் ஆள் படுக்கிற ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். கதவில் கோடு போடுவது எதற்கு? நாளைக்கு அடையாளம் பார்த்து வர யாருக்கோ வசதி செய்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

"பின்னுக்கு ஒரு கதவு தெரியுதே, அதுல யாரும்மா தூங்குற?" என்று முஷ்ரிபா கேட்டாள். பெயின்ட் வாளி கையில் இருந்தது.

"அது வெறகு வைக்கிற எடம் மிஸ். ஒரு ஆடு கட்டியிருக்கு."

"சத்தத்தையே காணோமே?"

"அது வாயில்லாத ஆடுங்க" என்றாள் ராமாமிர்தம், முகம் மாறாமல்.

உள்ளே குழந்தை சிணுங்கியது. வைரவநாதன் அந்த நேரம் பார்த்துப் பெரிதாகத் தும்மினார். முஷ்ரிபா அந்தக் கதவில் கோடு போடாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கதவு தட்டுவதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவரவர் லயத்தில் அவரவர் குடும்பத்தைத் தூக்கவே நேரம் போய்விடும் என்று, மேல் லயத்தை எழுப்பும் வேலையைக் கீழ் லயத்துப் பையன்களிடம் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள் கோடுதான்.

அடுத்த வாரம் ஒத்திகை. நல்ல மழை. துரையும் பெரிய கிளாக்கரும் பார்க்க வருகிறார்கள் என்றதும் ராமாமிர்தம் மருமகளிடம் சொன்னாள்: "பிள்ளைய அமத்திக்கிட்டு உள்ளயே இரு. வெளிய தலை காட்டாத."

விசில் ஊதியதும் பையன்கள் கோடு போட்ட கதவுகளையெல்லாம் தட்டினார்கள். சனம் பள்ளிக்கூடத்தில் கூடியது. கீழ் லயத்துப் பையன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "மேல் லயத்துல ஒரு கதவும் விடல மிஸ். எல்லாரும் வந்தாச்சு." துரை கைதட்டினார்.

"யாரும் விடுபட்டா சொல்லுங்க" என்றாள் முஷ்ரிபா.

வைரவநாதன் கூரையைப் பார்த்தார். அவர் மனைவி சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். எல்லாரும் தனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்று ராமாமிர்தத்துக்குத் தெரிந்தது. அந்த அன்பைப் பார்த்துத்தான் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மெய்யாகவே மலை இறங்கும் நாளிலும் இந்தப் பையன் இப்படியே நெஞ்சை நிமிர்த்தி, எல்லாரும் வந்தாச்சு என்பான். அவள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு இருப்பாள்.

"என் மருமவளும் பிள்ளையும் வரல" என்றாள்.

"எங்க ஈக்காங்க?" என்றாள் முஷ்ரிபா.

"பின்னறையில. அங்க ஆடு இல்லீங்க மிஸ்."

மறுபடியும் தட்டப்போன துரையின் கை பாதியில் நின்றது. அவர் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் தரையைப் பார்த்தார். முஷ்ரிபா துரையைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. இந்தப் பெண் யார் பக்கம் என்று ராமாமிர்தத்தால் அப்போதும் அடித்துச் சொல்ல முடியவில்லை. துரை ஜீப்பில் ஏறிப் போனார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யாருக்குத் தெரியும்?

அவள் மழையில் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து பின்கதவைத் தள்ளினாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவள் வந்ததுகூட யசோதினிக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்ன மாமி, நனைஞ்சு வாறீங்க?" என்றாள். "இன்னும் விசில் ஊதலியா?"