அண்ணன் தலையாட்டிய பெட்டிகள்

கிராஸ் ஓவர் என்பது ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்து சத்தத்தைப் பங்கு பிரிக்கும் சர்க்யூட். கனமான சத்தம் பெரிய ஸ்பீக்கருக்கு, கூர்மையானது டுவீட்டருக்கு. திண்டுக்கல்லில் அதை வடிவமைத்துக் கொடுப்பதுதான் எனக்கும் அண்ணனுக்கும் பிழைப்பு. கணக்குப் போட்டுச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவது நான், கேட்டுச் சொல்வது அவர். மீட்டர் சரியென்று காட்டினாலும் அண்ணன் தலையாட்டாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. நத்தத்திலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் மைக்செட்காரர்கள் வருவது அவர் காதை நம்பித்தான். என் கணக்கைப் பாராட்டி ஒருத்தன் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பஜனைப் பதிவு வைத்திருந்தோம். அதில் வரும் ஜால்ரா காதைக் குத்தினால் டுவீட்டருக்குப் பங்கு அதிகம், மங்கினால் குறைவு. அண்ணன் கண்ணை மூடிக் கேட்பார். "மேல கூசுதுலே" என்பார். கெப்பாசிட்டரை மாற்றினால் கூச்சம் போய்விடும்.

கொஞ்ச காலமாகக் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார். மூடினால் தூங்கிவிடுவோமென்று பயமா என்று நான் கிண்டல்கூடச் செய்தேன்.

கீரனூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டிய பெட்டி ஒன்று. கெப்பாசிட்டர் மாற்றுவதற்காக டுவீட்டரின் ஒயரைக் கழற்றியிருந்தேன். அதை மறுபடி பற்றவைக்க மறந்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்தபடியே பதிவைப் போட்டுவிட்டேன். கம்பளியைப் போர்த்தியதுபோல் சத்தம் வந்தது. ஜால்ராவைக் காணவே காணோம். அடடா என்று ஒயரைத் தேடும்போது முன்னாலிருந்து அண்ணன் சொன்னார்:

"இப்பத்தான்லே ஜால்ரா பளிச்சுன்னு விழுகுது."

விளையாடுகிறார் என்று எழுந்து பார்த்தேன். விளையாட்டில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என்னலே, இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா?" என்றார்.

இத்தனை நாளும் அவர் பெட்டியைக் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திருவிழா திருவிழாவாக ஹாரன் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றவர். பேச்சு கேட்கும், கனமான பேஸ் சத்தம் கேட்கும். கூர்மையான சத்தம் மட்டும் அவரைவிட்டுப் போயிருந்தது.

"ஏத்துறேண்ணே" என்று மறுபடி குனிந்துகொண்டேன். பற்றவைக்கும்போது கண் கலங்கி ஒயர் தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வாய்வரை வரும். சொல்லிவிட்டால், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். காது போன செய்தி மைக்செட்காரர்களுக்குப் போனால் பிழைப்பு எப்படியோ நடக்கும், அண்ணன் நடமாடமாட்டார். அதனால் முகத்திலேயே சொல்லப் பழகினேன். கூசினால் சுளிப்பேன், மங்கினால் உதட்டைப் பிதுக்குவேன். அவர் கச்சிதமாகத் தீர்ப்புச் சொல்வார். "அண்ணன் காது காதுதான்யா" என்பார்கள் வந்தவர்கள். நான் ஒயரைச் சுருட்டி வைப்பேன்.

போன மாதம் நத்தத்துக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஜால்ரா குத்தியது. நான் நன்றாகவே சுளித்தேன். "மேல கூசுது, இறக்கு" என்றார் அண்ணன். இறக்கினேன். வந்தவர் திருப்தியாகப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அண்ணன் வாசலில் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஏலே, அம்புட்டுச் சுளிக்காத. வந்தவன் பாத்துருவான். லேசாச் சுளிச்சாலே எனக்குத் தெரியும்."