கேசட்டில் மட்டும் பேசிய தமிழ்

அத்தாவின் பழைய பெட்டியில் கிடைத்த கேசட்டை முகர்ந்தேன். பிளாஸ்டிக்கும் அத்தரும் கலந்த அந்த வாசனை, இடித்துவிட்ட எங்கள் லெப்பைக்குடிக்காட்டு வீட்டின் நடு அறையில் என்னைக் கொண்டுபோய் விட்டது. துபாயில் இருந்த அத்தாவுக்கு அங்கே உட்கார்ந்துதான் கேசட்டில் பேசி அனுப்புவோம். பொழுதெல்லாம் "வூட்டுக்கு வாடி" என்று தெருவே அதிரக் கத்தும் அம்மா, பொத்தானை அழுத்துவதற்குமுன் முக்காட்டைச் சரிசெய்து, அத்தாவே எதிரில் வந்து அமர்ந்ததுபோல நிமிர்ந்து, "நாங்கள் அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்" என்று ஆரம்பிப்பாள். நானும் தங்கையும் அப்படியேதான் பேசுவோம். யாரும் சொல்லித்தராத அந்தத் தமிழ் எங்கள் வாயில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒருமுறை நிறுத்த மறந்துவிட்டோம். முறத்து அரிசியில் வாய்வைத்த ஆட்டை அம்மா திட்டி விரட்டியதெல்லாம் பதிவாகி துபாய்க்குப் போய்விட்டது.

பதில் கேசட்டில் அத்தா நலம் விசாரிக்கவே இல்லை. "புள்ள, ஆட்ட வெரட்டுனியே, அதத்தான் தெனமும் போட்டுக் கேக்குறேன். மத்ததெல்லாம் யாரோ பேசுற மாதிரி இருக்கு."

அடுத்த முறை அம்மா பொத்தானை அழுத்தினாள். பிறகு டேப் ரெக்கார்டரைத் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு, மீன் கழுவ உட்கார்ந்தாள்.