அக்கா மாற்றிப் பாடிய சோளப் பாட்டு

எங்கள் குடும்பத்தின் மூத்தவரான அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களை நினைத்துக் கூடியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா யாரையும் எளிதில் நம்பியதில்லை. உடன்பிறந்த என்னையும் சேர்த்துத்தான். அதை மறைத்து எழுதினால் அவர்களைப் பற்றி எழுதியதாகாது.

எப்போதும்வென்றான் என்னும் ஊரில் பிறந்து, விளாத்திகுளம் பக்கம் வாழ்க்கைப்பட்டார்கள். அத்தான் இளவயதிலேயே தவறிவிட, ஒற்றை ஆளாக ஆடு மேய்த்து இரு பெண்களை வளர்த்தார்கள். அந்நாளில் ஓர் அதிகாரி வந்து, ஆடுகள் எங்கெங்கே மேயும் என்று அன்பாகக் கேட்டு எழுதிப் போனார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார்கள். அடுத்த மழைக்குள் அந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்வேலி எழுந்தது.

எழுபதுகளின் கடைசியில், நான் அக்காவின் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, நண்பரான கல்லூரி ஆய்வாளர் ஒருவரை டேப் ரிக்கார்டரோடு அழைத்துப் போனேன். மேய்ச்சல்காரர்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவது அவர் எண்ணம். எதற்கு, யாருக்கு என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் அக்கா ஒரு பாட்டைப் பாடினார்கள்.

பாடப் புத்தகம் வந்தது. ‘குருத்து வாடின சோளத்துல ஆட்டை விடு’ என்று அக்காவின் பாட்டை நான் வகுப்பில் வாசித்ததும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளம் ஆட்டைக் கொன்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

அவமானத்தோடு அக்காவிடம் போனேன்.

“வேணும்னுதான் மாத்திப் பாடினேன். எழுதிட்டுப் போறவிய ஒருத்தராவது திரும்பி வந்து, இது சரியான்னு கேப்பாவளான்னு பாத்தேன். நீயும் கேக்கலியே தம்பி” என்றார்கள்.

கரிசலையே அறியாத ஊர்ப் பள்ளிகளுக்கும் புத்தகம் போகிறது என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. ஆடுகளை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு அன்றே என்னோடு பஸ் ஏறினார்கள். ஆய்வாளரிடம் தாம் செய்ததை ஒளிக்காமல் சொன்னார்கள்.

“தப்பு எம்மேலதான். ஆனா அச்சுக்குப் போகுமுன்ன பாடினவகிட்ட படிச்சுக் காட்டியிருக்கணும். அது ஒங்க மேல.”

அவர் மறுக்கவில்லை. கையிலிருந்த பிரதிகளில் அந்தப் பக்கத்தைக் கிழித்தோம். மற்ற பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினோம். மறுபதிப்புக்கு முன் ஆய்வாளரே ஊருக்கு வந்து வரிவரியாகப் படித்துக் காட்ட, அக்கா நான்கு இடங்களில் திருத்தினார்கள். ஒரு பாட்டை மட்டும் கடைசிவரை அவருக்குத் தரவில்லை. மகள்களிடம் தந்ததாகக் கேள்வி. அது என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாட்களில், கோவில்பட்டி மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் தாளைப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வைக்க மறுத்தார்கள். முகம் சுளிக்காமல் மூன்று முறை படித்துக் காட்டிய செவிலியருக்கும், ஆடுகளைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், இறுதிவரை உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மூன்றாம் முறை கேட்டு முடித்ததும், “சரி, இந்தப் பிள்ளையை நம்பலாம்” என்று சொல்லித்தான் அக்கா விரலை நீட்டினார்கள்.