குரங்கு குடிக்காத கிணறு

காலரா வந்தால் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும் என்று நினைத்திருந்தேன்.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஒரே வாரத்தில் இரண்டு பேரை வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. எல்லாம் ஊருணித் தண்ணீரால் வந்த வினை. ஊருக்குள் நல்ல கிணறு ஒன்று இருந்தது. அதில் மருந்து போட்டு, இனி இதைத்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். முதல் நாள் உற்சாகத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. கிணற்றடிக் கல்தொட்டிக்கு வழக்கமாக வரும் குரங்குகள் மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டன. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொரங்கே வேணாங்குது. நாங்க குடிக்கணுமாக்கும்?" என்றார் ஊர்த்தலைவர் அம்பலம். குடங்கள் மறுபடி ஊருணிக்கே போயின.

சரி, குரங்கு குடித்தால் ஊர் குடிக்கும் என்று கணக்குப் போட்டேன். மருந்தைச் சரியான அளவுக்குக் குறைத்தேன். கூட்டத்துத் தலைவனான ஆண் குரங்கை, அந்தக் கடுவனைப் பிடித்தால் மற்றவை பின்னால் வரும் என்றது என் இலாகா மூளை. தொட்டித் தண்ணீரில் வேர்க்கடலையைப் போட்டு அதைக் கூப்பிட்டேன். சீனியர் அதிகாரி மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. ஒரு குட்டிதான் கையை விட்டுக் கடலையை எடுத்துத் தின்று, விரலையும் நக்கியது. அதைப் பார்த்து அதன் தாய் வந்தது. தாயைப் பார்த்து மற்றப் பெண் குரங்குகள் வந்தன. நாலு நாளில் கடலை இல்லாமலே குடித்தன. கடுவன் கடைசியில் வந்தது, தானே கிணறு வெட்டிய தோரணையில்.

அம்பலத்தைக் கூட்டிவந்து பெருமையோடு காட்டினேன்.

"கொரங்கு வாய் வச்ச தண்ணியவா குடிக்கச் சொல்றீக?" என்றார்.

அன்று மாலையே மூன்றாவது ஆள் படுத்துவிட்டான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். அவன் மனைவி வள்ளியிடம் என் ஆத்திரத்தைக் காட்டினேன்.

"ஊருணித் தண்ணிய ஏம்மா குடுத்தே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சைக்கிளில் தொங்கிய கூஜாவைப் பார்த்தாள். "தப்புத்தான் சார். வந்த நாள்ல இருந்து நீங்க அந்தக் கூஜாத் தண்ணியத்தான குடிக்கிறீக? அது எந்தக் கெணத்துத் தண்ணி?"

என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மருந்து வாசனை எனக்கு ஆகாது. கூஜாவைக் கவிழ்த்துவிட்டு, ஊர்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கையேந்திக் குடித்தேன். மிச்சத்தை வள்ளி வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

அவள் புருஷன் பிழைத்து வந்தான். அதற்குள் அவள் தெருவே அந்தக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தது. அம்பலம் வீட்டுக் குடம் பத்தாம் நாள் வந்தது. 'சுகாதாரச் சொற்பொழிவின் பயனாக மக்கள் உணர்ந்தனர்' என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊர் நம் வாயையேதான் பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சைக் கேட்கத்தான் என்று நான் ரொம்ப நாள் ஏமாந்திருந்தேன். அந்த வாய்க்குள் என்ன போகிறது என்றுதான் பார்க்கிறார்கள்.