ஐந்து மீட்டர் சதுரம்

புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, அழுகும் சம்பா நெல்லுக்கு நடுவே ஒரு காலை ஊன்றி, பிரபாவதி செல்போனைக் கீழ்நோக்கிப் பிடிக்கிறாள். எந்தப் படத்திலும் அவள் முழங்கால் இருக்கும். "காலு தெரிஞ்சாதான் தண்ணி எம்மாம் ஆழம்னு தெரியும். இல்லன்னா ஏதோ ஏரிய புடிச்சிக்கினு வந்துட்டேன்னுவானுங்க." போனில் இடம் போதாமல் மகளின் கல்யாணப் படங்களை அழித்துவிட்டாள். அழுகிய நெல் மட்டும் அறுநூறு படம்.

முகையூர் பக்கம் அவளுக்கு இரண்டு கழனி. ஒன்று மேட்டில், கிணற்றோரம். மற்றது ஏரிக்குக் கீழே, பள்ளத்தில். பள்ளத்தில் மழைக்காலத்தில் யாரும் நெல் வைத்ததில்லை. தண்ணீர் வடிந்தபின் தை மாதம் உளுந்து தெளிப்பார்கள். பிறகு பயிர்க் காப்பீடு வந்தது. பிரீமியத்தில் பெரும்பங்கை அரசாங்கமே கட்டும், மூழ்கினாலும் கவலையில்லை என்று மைக் வைத்துச் சொன்னார்கள். அவள் பள்ளத்திலும் சம்பா நட்டாள். முதல் வருஷம் மூழ்கியது, பணமும் வந்தது. தாலிச் சரடு அடகுக்குப் போகவில்லை. அதோடு உளுந்தை விட்டாள். "எனக்குப் பேராசைன்றானுங்க. சரி, பேராசைதான். மைக்குல கூவுனது யாரு, நானா?"

போன வருஷப் பெருமழையில் பள்ளம் மொத்தமும் போனது. பைசா வரவில்லை. ஏன் என்று கேட்டால் அவள் குரல் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும். அவரவர் கழனியைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. குலுக்கலில் விழும் நாலு கழனியில் ஐந்து மீட்டர் சதுரம் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சராசரி, அவர்கள் வைத்த வரம்புக்குக் கீழே போனால்தான் ஊருக்கே பணம். விழுந்த நாலில் ஒன்று அவளுடைய மேட்டுக் கழனி.

அன்று அவள் செய்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. நெல் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். தார்ப்பாய்க்கு வெளியே சிதறியதையெல்லாம் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் புடைத்து, தராசில் பெருமையாகக் கொட்டினாள். ஊர்ச் சராசரி வரம்பை நூலளவு தாண்டிவிட்டது.

"எக்கா, அந்த ஒரு மொறத்த கோழிக்கு வுட்டிருந்தா ஊரே சாப்ட்டிருக்கும்." பக்கத்துக் கழனி வல்லரசு பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்வான்.

"போடா பேமானி. என் நெல்ல நான் கூட்னது தப்பா? முங்குனது பள்ளத்துல, எடை போட்டது மேட்டுல. அத்தப் போயி ஆபீஸுல கேட்டியா நீ?"

இந்த வருஷமும் பள்ளம் மூழ்கிவிட்டது. குலுக்கல் மறுபடி அவள் மேட்டிலேயே விழுந்தது. அறுக்க வந்த அதிகாரியிடம் அறுநூறு படத்தையும் நீட்டினாள்.

"இதெல்லாம் கணக்குல வராதும்மா. இந்தச் சதுரம்தான்."

அறுத்தார்கள், அடித்தார்கள். தராசை மாட்டிக்கொண்டே அதிகாரி, "ஓரத்துல சிதறிக் கெடக்கு பாருங்கம்மா, கூட்டிக் குடுங்க" என்றார்.

வரப்பில் வல்லரசும் நாலைந்து பேரும் நின்றார்கள். பிரபாவதி துடைப்பத்தை எடுத்தாள். பள்ளத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிதறிய நெல்மேல் வலது காலை வைத்து, ஈரமண்ணுக்குள் குதிகாலால் அழுத்தித் திருகினாள்.